தேனீக்குப் பின்னால் இருப்பவர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் பூசணிக்கொடியும் சுகம், அப்பா பாதி சுகம். அங்கே நீயும் உன் ஆய்வுக்கூடமும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் பூ எத்தனை விரிந்திருக்கிறது என்று கேட்பாய், அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாதே.

போன தடவை பத்து நாள் லீவில் வந்து, எட்டு நாளைத் தோட்டத்திலேயே கழித்து, கொடி நடுவில் முழங்கால் உயரக் குச்சியில் ஒரு கேமரா கட்டிவிட்டுப் போனாயே, அது நன்றாக இருக்கிறது. பூவில் எது உட்கார்ந்தாலும் படம் பிடித்து, தேனீயா வண்டா என்று பிரித்து உனக்குத் தவறாமல் அனுப்புகிறது. பெற்ற பிள்ளையைவிடப் பொறுப்பு. நீ நியமித்த சம்பளமில்லாத உதவியாளரும் தினம் எட்டு மணிக்கு அதன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, எதிரே குந்தி உட்கார்ந்து கையை ஆட்டுவார். "பொண்ணு பாத்துட்டிருப்பா" என்பார். இதற்காகத் தினமும் முகச்சவரம் வேறு. எங்கள் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு அக்கறையாகச் செய்துகொண்ட ஞாபகம் எனக்கில்லை. போன செவ்வாய் அதே இடத்தில் சேற்றில் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகிவிட்டது. உள்ளே மிக்ஸி ஓடிய சத்தத்தில் அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. மனிதர் கேமராவைப் பார்த்துக் கை ஆட்டியபடி கிடந்திருக்கிறார், நீ பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வாய் என்று. அரை மணி நேரம். சாயங்காலம் நீயும் செய்தாய், இல்லையென்று சொல்லவில்லை. "காலைல எட்டுலேருந்து எட்டரை வரைக்கும் ஒரு தேனீகூட வரலையே, ஏதாவது மறைச்சுதாப்பா?" என்று கேட்டாய். மறைத்தவர் காலில் கட்டோடு உட்கார்ந்து, "ஏதோ மறைச்சிருக்கும்மா, நான் பாக்கறேன்" என்றார். நான் போனைப் பிடுங்கி, அவர் விழுந்து கிடந்து கை ஆட்டியதைப் பார்க்கவில்லையா என்று கேட்ட பிறகுதான் சொன்னாய், பூச்சி இல்லாத படத்தை இயந்திரமே கழித்துவிடும், உன்னிடம் வராது என்று. ஒன்றரை வருஷமாக ஆட்டிய கை. எனக்குக் கோபம்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்.

அவருக்கு வருத்தமே இல்லையாம், எழுதச் சொன்னார். வெள்ளிக்கிழமை தடியை ஊன்றிக்கொண்டு போய், விரிந்த பூ ஒன்றைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கேமரா எதிரே உட்கார்ந்தார். தேனீ வர இருபது நிமிடம் ஆயிற்று. வந்தது பறந்துவிடுமே என்று அன்றைக்குக் கை ஆட்டவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, நோய்நொடி இல்லாமல் நூறு வயது இரு. மறக்காமல் வெள்ளிக்கிழமை எட்டு இருபதுக்கு எடுத்த படத்தைத் திற. தேனீயை எண்ணி முடித்த பிறகு, அதற்குப் பின்னாலும் கொஞ்சம் பார்.

இப்படிக்கு,
பூச்சியாய்ப் பிறக்காத உன் அம்மா