மிதிப்பதை நிறுத்தினால் கழன்றுவிடும் செயின்

இன்று காலை டிக்கெட் கவுண்டரில் ஓர் அம்மா டிக்கெட்டை வாங்காமல் என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நகக்கண்ணெல்லாம் கருப்பு. "என்னம்மா, டிக்கெட் வேணாமா?" என்றேன். நுனியை மட்டும் பிடித்து வாங்கிக்கொண்டு போனார். சனிக்கிழமை சாயங்காலம் ஒட்டிய செயின் கிரீஸ் அது. சோப்புப் போட்டாயிற்று, சீயக்காய் போட்டாயிற்று, போவேனா என்கிறது. நீ இருந்திருந்தால், "தேங்காயெண்ணெயில சீனியப் போட்டுத் தேய்டி, எத்தன தடவ சொல்றது" என்று கத்தியிருப்பாய். வீட்டுக்குப் போய்த் தேய்த்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். உன் சைக்கிளைக் காப்பாற்றிவிட்டேன்.

அதை நீ வாங்கி வந்த அன்று நான் சிரித்த சிரிப்பு ஞாபகம் இருக்கிறதா? ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், விரல் தடிமனில் டயர். "நர்ஸம்மா இதுல குனிஞ்சு போனா ஊரே வேடிக்கை பாக்கும்டி" என்றேன். "பாக்கட்டும். உனக்குப் பொறாமை" என்றாய். பொறாமைதான். என்னிடம் இருந்தது கூடை வைத்த லேடீஸ் சைக்கிள். உறையூரிலிருந்து கிளம்பி, காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் உன் வீட்டுச் சந்து முனைக்கு வருவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும். அங்கிருந்து கொள்ளிடம் பாலம் வரை இரண்டு பேரும் போவோம். நீ பறப்பாய். அப்புறம் என் நினைவு வந்து மிதிப்பதை நிறுத்துவாய். உன் பின்சக்கரத்திலிருந்து டிக் டிக் டிக் என்று சத்தம் கேட்கும். அது கேட்டால் நீ எனக்காகக் காத்திருக்கிறாய் என்று அர்த்தம். "ஒரு நாள் லால்குடி வரைக்கும் போயிட்டு வந்துடணும்டி" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாய். பாலத்தின் கோடியில் யாராவது ஒருத்திக்கு டியூட்டி நேரம் ஆகிவிடும், திரும்பிவிடுவோம்.

போன ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் நீயே கட்டினாய். ஹேண்டில்பாரில் ஒன்று, சீட்டிலிருந்து பின்சக்கரம் வரை தொங்க இன்னொன்று. நூல் வைத்துக் கட்டினால் உனக்குப் பிடிக்காது, வாழைநார்தான் வேண்டும். "கல்யாணப் பொண்ணு கெட்டா போ" என்றேன். அப்புறம் அடைமழை, சைக்கிளை வெளியே எடுக்கவே முடியவில்லை. தீபாவளி கழிந்து கொஞ்ச நாளில் நீ போய்விட்டாய். ஊரார் நெஞ்சுவலியை எல்லாம் கவனித்தவள், உன்னுடையதை அசிடிட்டி என்று சொல்லி மோர் குடித்துவிட்டுப் படுத்தாயே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. வேறு எவளையாவது அப்படிச் சொல்ல விட்டிருப்பாயா நீ?

மாடிப்படிக்கு அடியில் மாலையோடு நின்ற சைக்கிளை, பல மாதம் கழித்து உன் வீட்டுக்காரர் என்னிடம் கொடுத்தார். "நீங்களாவது ஓட்டுங்கம்மா" என்றார். காய்ந்த பூவை இழுத்துப் போட்டுவிட்டுத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தேன். முதல் நாளே செயின் கழன்றது. மாட்டினேன். மறுநாளும் கழன்றது. கடைக்காரத் தம்பி ஸ்க்ரூவைத் திருகினார், கியர் ஒயரை இழுத்துக் கட்டினார், கடைசியில் செயினையே மாற்றினார். ஸ்டாண்டில் தூக்கி வைத்து மிதியைச் சுற்றிக் காட்டி, "பாருங்கக்கா, தங்கமா ஓடுது" என்பார். ஓடும். பாலத்துக்கு வந்தால் விழும். டிக்கெட் கவுண்டரில் நான் கத்துகிற கத்தலை அவரிடம் கத்தினேன். பாவம், அவர் பொய் சொல்லவில்லை.

போன வாரம் காவிரிப் பாலத்து இறக்கத்தில் செயின் கழன்று சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. நான் தார் ரோட்டில் கிடந்தேன். பின்னால் வந்த டவுன் பஸ் டிரைவர் பிரேக்கை அழுத்தியிருக்காவிட்டால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். முட்டித் தோல் பெயர்ந்ததோடு போயிற்று. சேதி கேட்டு உன் வீட்டுக்காரர் உறையூருக்கே வந்துவிட்டார்.

"அந்தச் சனியனைத் திருப்பிக் குடுத்துடுங்கம்மா. ஞாயித்துக்கெழம பழைய இரும்புக்காரர் வர்றாரு, போட்டுடறேன்."

"அண்ணே, அது என்ன ஓட்டை வாளியா, இரும்புக்குப் போட?"

"எனக்குத் தெம்பில்லம்மா. இன்னொரு தடவ ஆஸ்பத்திரி வாசல்ல என்னால நிக்க முடியாது."

அவர் சொன்னதில் என்ன தப்பு? ஆனால் அது இரும்போடு போனால், நம் காலைப் பொழுதுகளில் என் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. லால்குடியும் பேச்சோடு போய்விடும்.

சனிக்கிழமை அதைத் திருப்பிக் கொடுக்கத் தள்ளிக்கொண்டே பாலத்தில் நடந்தேன். நான் மிதிக்கவே இல்லை, பெடல் பாட்டுக்குத் தானாகச் சுற்றி வந்து என் காலில் இடித்தது. "சும்மா கெட சனியனே" என்றேன். மறுபடியும் இடித்தது. அப்போதுதான் உன் கேள்வி நினைவுக்கு வந்தது. எனக்கு வயிற்று வலி வந்தபோது, எங்கே வலிக்கிறது என்று நான் விலாவாரியாகக் காட்டிக்கொண்டிருந்தேன். "எங்கன்னு அப்புறம் பாக்கலாம். எப்ப வலிக்குது, அதச் சொல்லு" என்றாய். காலை டிபனை விட்டுவிட்டுக் கவுண்டரில் உட்கார்ந்த நாட்களில் மட்டும்தான் என்று அப்புறம்தானே தெரிந்தது.

சரி, செயின் எப்போது விழுகிறது? மேடு ஏறும்போது விழுந்ததில்லை. பள்ளத்தில் இறங்கி ஏறியபோதும் இல்லை. கியர் மாற்றும்போதும் இல்லை. இறக்கத்தில், சிக்னலில், குறுக்கே ஆடு வந்தபோது. அதாவது நான் மிதிப்பதை நிறுத்தியபோதெல்லாம். கடைத் தம்பி மிதித்துத்தானே பார்த்தார், எப்படி விழும்! நிறுத்தினால் பின்சக்கரம் மட்டும் ஓடவேண்டும், பல்சக்கரம் சும்மா இருக்கவேண்டும். இங்கே எதுவோ இரண்டையும் சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கிறது. பல்சக்கரமும் கூடவே ஓடி, செயினைத் தளர்த்தித் தள்ளிவிடுகிறது. இன்னொன்றும் உறைத்தது. இத்தனை நாள் ஓட்டினேனே, அந்த டிக் டிக் சத்தத்தை ஒரு நாளாவது கேட்டேனா? இல்லை. அது இல்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

முட்டி வலியை மறந்து உன் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். "அண்ணே, பழைய பேப்பர் இருந்தா விரிங்க" என்று சொல்லி, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பின்சக்கரத்தைக் கழற்றினேன். பெரிய பல்சக்கரத்துக்குப் பின்னால், கம்பிகளுக்கு நடுவில், கருப்பாகக் கயிறு மாதிரி இறுகிக் கிடந்தது. விரல் போகவில்லை. கொண்டை ஊசி வளைந்தது. அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் உன் கத்தரிக்கோல், கட்டு வெட்டுகிற அந்த வளைந்த மூக்குக் கத்தரிக்கோல். நீ போனதிலிருந்து உன் டியூட்டிப் பையை அவர் திறந்ததில்லை என்று எனக்குத் தெரியும்.

வெட்டி இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. வாழைநார். கிரீஸ் குடித்துக் கருத்துப்போய், நடுவில் இரண்டு மூன்று முடிச்சுகளோடு. நான் மாலையை இழுத்துப் போட்டபோது அறுந்து தங்கிய துண்டைச் சக்கரம் உள்ளே சுருட்டிக்கொண்டிருக்கிறது.

"இது அவ கட்டுனதும்மா" என்றார்.

"ஆமாண்ணே. அலங்காரம் பண்றேன்னு என்னப் பஸ்ஸுக்கு அடியில தள்ளப் பாத்திருக்கா."

அவர் சிரித்தார். நான் சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டேன். அழுதபடியே சக்கரத்தை மாட்டி, மிதியை ஒரு சுற்றுச் சுற்றிக் கையை எடுத்தேன். டிக் டிக் டிக் டிக். பேப்பரைச் சுருட்டிக்கொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றது.

"காலையில சந்துக்குள்ள இந்தச் சத்தம் கேட்டாத்தாம்மா நான் எந்திரிப்பேன். பால அடுப்புல வைப்பேன். அவ வண்டிய நிறுத்திட்டு உள்ள வர்றதுக்கும் காப்பிக்கும் சரியா இருக்கும்."

சக்கரம் நின்றதும் அவரே இன்னொரு தரம் சுற்றிவிட்டார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அது நிற்கும்வரை கேட்டார். அப்புறம் இன்னொரு தரம்.

"நாளைக்கு இரும்புக்காரர் வர்றாரேண்ணே?" என்றேன்.

"லால்குடின்னு சொல்லிட்டே இருப்பா. வெயிலுக்கு முன்னாடி போயிட்டு வந்துடுங்க" என்றார்.

நேற்று போய்விட்டு வந்தேன்டி. கொள்ளிடம் பாலத்தின் கோடியில் கால் பழக்கத்தில் திரும்பப் பார்த்தது, விடவில்லை. டோல்கேட் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல், முகத்தில் நல்ல காற்று. லால்குடியில் ஒரு டீ, இரண்டு மெதுவடை. உன் பங்கையும் நானே தின்றேன். செயின் ஒரு தடவைகூட விழவில்லை. அந்த நாரை நான் வைத்துக்கொள்ளவில்லை, வரும் வழியில் ஆற்றில் போட்டேன். வரும் ஆயுத பூஜைக்கு நான்தான் பூக் கட்டப்போகிறேன். ஹேண்டில்பாருக்கு மட்டும். எது கெட்டாலும் எப்போது என்று முதலில் கேட்கும் பழக்கம் உன்னிடமிருந்து எனக்கு வந்துவிட்டது. அது போதும்.

திரும்பும்போது உன் வீட்டுச் சந்து முனையிலேயே மிதிப்பதை நிறுத்திவிட்டேன். டிக் டிக் டிக் என்று சந்து முழுக்க விட்டுக்கொண்டே வந்தேன். வாசலில் கால் ஊன்றுவதற்குள், உள்ளே அடுப்பில் பால் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது.