காண்டிராக்டர் தம்புசாமி

5 மார்ச் 1934, திங்கள்
தம்புசாமி இன்று தன் மாட்டுவண்டியின் பக்கப்பலகையில் வெள்ளைச் சாயத்தில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறான்: ‘காண்டிராக்டர் தம்புசாமி, கிள்ளான்.’ கிள்ளான் ஆற்றங்கரையில் இறங்கும் மரங்களை எங்கள் மரமில்லுக்கு இழுத்து வருகிறவன். போன வருஷம் வரை என் வருகைப் பதிவேட்டில் அவனும் ஒரு பெயர். மில்லை நடத்தும் வெள்ளைக்காரத் துரை அந்தப் பெயரை அடித்துவிட்டு, ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, “இனி நீ காண்டிராக்டர்” என்றார். வேறெதுவும் மாறவில்லை. மில் சங்கு ஊதினால் வருகிறான், சங்கு ஊதினால் போகிறான். ஆனால் அந்தப் பலகையைப் பார்த்ததும் ஆட்கள் வழிவிடுகிறார்கள்.

நான் மில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. இங்கிலீஷ் எழுதப் படிக்கத் தெரியும். என்னைப் பார்த்து யார் வழிவிடுகிறார்கள்?

11 மார்ச்
புஷ்பவல்லியை முதலில் எனக்குத்தான் பேசினார்கள். “கிராணின்னா துரை போடான்னா போகணும். தம்புசாமி சொந்தத் தொழில் செய்யிறவரு” என்று அவள் அப்பா ரெங்கசாமி என் முகத்துக்கு நேரே சொன்னார். முடிந்தது.

25 மார்ச்
அவர்கள் கல்யாணத்துக்குப் போனேன். ஏன் போனேன்? பாயசம் கூட இரண்டாம் முறை வாங்கிக் குடித்தேன். அவள் ஒரே ஒரு தடவை சிரித்தாள். அவனைப் பார்த்து.

14 மே
மில் வாசலில் புஷ்பவல்லி அவனுக்குத் தூக்குச்சட்டியோடு நின்றாள். ஆபீஸ் ஜன்னலை மூடிவிட்டேன்.

3 ஜூலை, செவ்வாய்
கயிறு அறுந்து, மரம் உருண்டு தம்புசாமியின் வலது காலில் விழுந்தது. நானும் ஓடினேன். தூக்கும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “மாட்டப் பாருங்க கிராணி, மாடு துரையோடது” என்றான்.

7 ஜூலை
ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம்.

அவன் விழவேண்டும் என்று நினைத்திருக்கிறேன். இப்படியா நினைத்தேன்? இல்லை என்று எழுதிவிடலாம் —

16 ஜூலை
பெரிய கிராணி கந்தையா ஒரு காகிதத்தை நீட்டினார். “அவன் எங்கட ஆள் இல்லை, காண்டிராக்டர் எண்டு எழுதியிருக்குது. நீரும் கையெழுத்து வையும்.” மில் ஆளாக இருந்தால்தான் நஷ்டஈடு, மில் வீடு எல்லாம். காண்டிராக்டருக்கு ஒன்றும் கிடையாது. அவனே பலகையில் எழுதி வைத்ததுதானே?

கையெழுத்துப் போட்டேன்.

19 ஜூலை
தம்புசாமியின் மில் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். புஷ்பவல்லி பானை சட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். நல்லா வேணும். சொந்தத் தொழில், சொந்தத் தொழில்னு குதிச்சாரே அவங்கப்பன், இப்ப வந்து பாக்கட்டும். அன்னைக்கு என்னைக் கட்டியிருந்தா இப்படி நிப்பாளா?

சே. நானெல்லாம் ஒரு மனுசனா?

2 ஆகஸ்டு, வியாழன்
தம்புசாமி மில் ஆளா, காண்டிராக்டரா என்று தொழிலாளர் இலாகாவில் விசாரணை. தம்புசாமியை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து வந்தார்கள். முதலில் அவனைத்தான் கேட்டார்கள்.

“நான் யாருக்கும் கூலி இல்லீங்க. காண்டிராக்டர்” என்றான். அந்த நிலையிலும்! மனைவி பின்னால் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். துரை புன்னகைத்தார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். காகிதத்தைக் காட்டி, உன் கையெழுத்தா என்றார் அதிகாரி. ஆமாம் என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம்.

“ஆனால் அது பொய்” என்றேன். வருகிற நேரம், போகிற நேரம் துரை சொன்னது. மாடு மில்லுடையது. வேறு மில்லுக்கு ஒரு கட்டைகூட இழுக்க அனுமதி இல்லை. காய்ச்சல் வந்தபோது தனக்குப் பதிலாக மச்சானை அனுப்பினான். துரை, அவனேதான் வரவேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். “அவனும் என்னைப் போல மில் ஆள்தான், ஐயா.”

உண்மை, நியாயம் எல்லாம் பெரிய வார்த்தைகள். ‘என்னைப் போல’ என்று அவன் எதிரே சொன்னபோது எனக்கு இனித்தது. அதற்காகவே சொன்னேனோ?

வெளியே வந்ததும் அவன் கேட்டான்: “என் பேர ஏன் கெடுத்தீங்க?”

10 ஆகஸ்டு
தம்புசாமி மில்லின் ஆள் என்று தீர்ப்பு. நஷ்டஈடு உண்டு, வீடும் இருக்கும்.

எனக்கு வேலை போயிற்று. கந்தையா தலைநிமிராமல் சொன்னார்: “உமக்கு இது தேவையோ?”

30 செப்டம்பர்
கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் சேர்ந்தேன். மெய்ப்புப் பார்க்கும் வேலை. கண் எரிகிறது.

18 ஜனவரி 1935, வெள்ளி
கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் மரக்கால் பொருத்திக்கொண்டு தம்புசாமி புஷ்பவல்லியோடு அச்சக வாசலில் வந்து நின்றான். இப்போது மில்லில் கயிறு, சங்கிலி பார்த்துக் கொடுக்கிற வேலையாம். “என்னை மாதிரியே காண்டிராக்டர்னு எழுதி வாங்கின பாக்கி ரெண்டு வண்டிக்காரங்களையும் நான்தான் இலாகாவுக்குக் கூட்டிட்டுப் போனேன். நீங்க அன்னைக்குச் சொன்னத எல்லாம் அப்படியே சொன்னேன்” என்றான். பிறகு மரக்காலை மாற்றி ஊன்றிக்கொண்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

புஷ்பவல்லிதான் பேசினாள். என்னோடு அவள் பேசியது இதுவே முதல் தடவை.

“அண்ணே, ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாங்க.”



“வரேம்மா” என்றேன்.