உன் பேரோடு வரும் போன்

அன்பு மகள் ஜாக்குலினுக்கு, புதுப்பட்டினத்திலிருந்து அப்பா தாவீது எழுதுவது. தோகா வெயிலில் ஆண்டவர் உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும். நான் நலம். அம்மாவும் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

இது என் சொந்தக் கையெழுத்து. முதியோர் வகுப்பில் வசந்தா டீச்சர் சொல்லிக்கொடுத்தது. மெதுவாகத்தான் வருகிறது, ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. போனில் பேசினால் அம்மா காதில் விழும், அதனால் எழுதுகிறேன். உன் தம்பி ஜான்சன் கேளம்பாக்கத்தில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இறந்த செய்தி போனில் வந்ததல்லவா, அதிலிருந்து போன் அடித்தாலே அம்மா சோற்றுத்தட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். அடுப்புக்கும் வாசலுக்கும் நடக்கிறாள், கையைப் பிசைகிறாள். உக்காந்தா நெஞ்ச அடைக்குதுய்யா, நான் இன்னா பண்றது என்கிறாள். கெட்ட ஆவி என்று சபையார் கையையும் காலையும் பிடித்து உட்காரவைத்து ஜெபித்தார்கள். பிடிக்கப் பிடிக்கத் திமிறினாள், கண் செருகிவிட்டது. பிறகு ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னார், ஆவி இல்லை, பயம், பயந்த உடம்பு ஓடப் பார்க்கிறது, அடக்கினால் இன்னும் மிரளும், கூடவே நடங்கள், மூச்சை மெதுவாக விடச் சொல்லுங்கள், கைக்கு வேலை கொடுங்கள் என்று. இப்போது நானும் அவள் கூடவே நடக்கிறேன். பக்கத்து வீட்டு ஷபானா முறத்தில் மல்லாட்டைக் கடலையைக் கொட்டி, வாக்கா, உரிச்சுக்கினே பேசலாம், வுட்டா அண்ணாத்த எல்லாத்தையும் துன்னுடுவாரு என்று கூப்பிடுகிறாள். உரிக்கும்போது கால் கொஞ்சம் அடங்குகிறது.

யார் கூப்பிடுவது என்று எங்களுக்குப் படிக்கத் தெரியாததால் எந்தப் போனும் அவளுக்குச் சாவுச் செய்தியாகவே அடித்தது. இப்போது டீச்சர் போனில் உன் பெயரைத் தமிழில் போட்டுக்கொடுத்திருக்கிறார். மணி அடித்ததும் கண்ணாடி போட்டு, எழுத்துக் கூட்டி, நம்ம ஜாக்குலின்தான் என்று சத்தமாகச் சொல்கிறேன். அவள் நின்று, நல்லாப் பார்த்தியா, இன்னொரு வாட்டி படி என்கிறாள். அதற்குள் மணி நின்றுவிடுகிறது.

போன வாரம் நீ சிநேகிதி போனிலிருந்து கூப்பிட்டபோது வெறும் நம்பர்தான் வந்தது. யாரென்று என்னால் படித்துச் சொல்ல முடியவில்லை. அம்மா வெறுங்காலோடு மெயின் ரோட்டுக்கு ஓடிவிட்டாள். பஸ் அவள் மேல் படாமல் நின்றது, வூட்ல சொல்லிகினு வந்தியா என்று டிரைவர் கத்தினார். அன்று உன்னிடம் மறைத்துவிட்டேன். இனி வேறு யார் போனிலிருந்தும் கூப்பிடாதே மகளே. நம்பர் மாற்றினால் முதலில் ஷபானாவிடம் சொல். அம்மா போனை எடுத்தால், நான் நல்லா இருக்கேம்மா என்பதுதான் உன் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். ஒன்று மட்டும் மறக்காதே, உடனே வைத்துவிடாமல், நான் உன் பெயரைப் படித்து முடிக்கும்வரை மணி அடிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா தாவீது
அம்மா செங்கம்மாள் (அவளுக்கும் சேர்த்து நானே எழுதினேன்)