மறைக்கப்பட்ட எங்கள் இரத்தப் பரிசோதனை முடிவு

அனுப்புநர்:
மீராமுகைதீன் பரீனா,
கடற்கரை வீதி,
சாய்ந்தமருது.

பெறுநர்:
பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்கள்,
கல்முனை.

விடயம்: பரம்பரை நோய் தொடர்பான பரிசோதனை முடிவை எங்களிடம் மறைத்து, ஊருக்குக் காட்டியமை

மதிப்புக்குரிய பணிப்பாளர் ஐயா,

1. என் கணவர் அக்ரம் கடற்றொழிலாளி. எங்கள் மூத்த மகள் அப்னா பிறந்த சில நாட்களிலேயே குடித்த பாலையெல்லாம் சத்தி எடுத்து மயங்கினாள். பாலிலுள்ள புரதத்தை அவளது உடலால் உடைக்க முடியவில்லை, அது இரத்தத்தில் நஞ்சாகச் சேர்கிறது என்று வைத்தியர்கள் கண்டறியப் பல மாதங்கள் சென்றன. இரண்டு வயது நிறையுமுன் அவள் மவுத்தானாள், அடக்கம் செய்தோம்.

2. அதன்பின் கொழும்பிலிருந்து வந்த ஆய்வுக் குழுவொன்று எங்கள் இருவரின் இரத்தத்தையும் எடுத்தது. எந்தப் பரம்பரை அலகில் (மரபணுவில்) விகாரம் உள்ளதென்று தெரிந்தால் அடுத்த பிள்ளையைக் காப்பாற்றலாம் என்றார்கள். குழுவின் இணைப்பாளர் ஷாஹினா என்னுடன் ஒரே வகுப்பில் படித்தவர். அவருடைய முகத்துக்காகவே கையை நீட்டினோம், மகளின் படத்தையும் கொடுத்தோம்.

3. முடிவு வந்ததா என்று ஷாஹினாவிடம் பல தடவை தொலைபேசியில் கேட்டேன். “இன்னும் வரல்ல பரீனா, வந்தா முதல்ல ஒனக்குத்தான் சொல்லுவன்” என்றார். நம்பினேன். இப்போது நான் நிறைமாதக் கர்ப்பிணி.

4. சென்ற வாரம் கர்ப்பிணித் தாய்மாருக்கான கூட்டமொன்றில் அக்குழுவின் வைத்தியர் பேசினார். திரையில் என் மகளைக் காட்டினார்கள். கண்களைக் கறுப்புப் பட்டையால் மறைத்திருந்தார்கள். நான் தைத்த பெருநாள் சட்டையை மறைக்கவில்லை. தாய், தகப்பன் இருவரிடமும் ஒரே விகாரம் இருப்பது சென்ற வருடமே உறுதியானதென்றும், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டென்றும் கூறினார்.

5. அத்துடன் விடவில்லை. என் கணவர் என் வாப்பாவின் சகோதரியின் மகன். எங்களுக்குக் குடி என்னும் வம்சப் பிரிவு தாய்வழியில் வருவது. வேறு குடியில் கல்யாணம் முடித்தால் இரத்தமும் வேறு என்றே நினைத்திருந்தோம். ஆகவே, இரத்த உறவா என்று குழுவினர் கேட்டபோது இல்லை என்றோம். மாமி மகனை முடித்துவிட்டு இரத்த உறவில்லை என்றார்களாம் என்று சொல்லி வைத்தியர் சிரித்தார், மண்டபமே சிரித்தது. பக்கத்திலிருந்த பெண்கள் என் வயிற்றைப் பார்த்தார்கள். ஐயா, அந்த இடத்தில் பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

6. வாசலில் ஷாஹினாவை நிறுத்திக் கேட்டேன். “ஒண்ட மனசு நோகும் எண்டுதான் சொல்லல்ல” என்றார். ஊருக்குச் சொல்லும்போது நோகாத மனமா எனக்கு? இந்தப் பிள்ளை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு சுமந்திருப்பேன்.

7. என் மகளின் படத்தை இனி எங்கும் காட்டாதிருக்கவும், முடிவை மறைத்தவர்களை விசாரிக்கவும் உத்தரவிடுமாறு கேட்கிறேன். அவை பிந்தினாலும் பொறுப்பேன். பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. பிரசவத்துக்கு இன்னும் இரண்டு வாரமே இருக்கிறது. அந்த முடிவை நான் பிரசவிக்கவிருக்கும் வைத்தியசாலைக்கு உடனே அனுப்பி, பிள்ளை பிறந்த அன்றே இரத்தத்தைச் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். என் பிள்ளை பசித்து அழும்போது நான் பால் கொடுக்கலாமா, கூடாதா என்பதை எனக்கு யாராவது சொல்ல வேண்டும்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து,

மீ. பரீனா
(ஒப்பம்)

இடம்: சாய்ந்தமருது
திகதி: 2024.09.17