கடற்பாசியில் ஒரு லைனிங்

பிப்ரவரி 4

என் மூளையில் பாதியும் மூக்கில் முழுதும் வாங்கிப் பிறந்த மருமகளுக்கு,

யாரும் நம்பப்போவதில்லை என்று தெரிந்தே, என் தையல் மெஷின்மேல் சத்தியம் வைத்துச் சொல்கிறேன். உன் பார்சலைப் பிரித்தால், தாள் தாளாகக் கறுப்பு லைனிங் துணி. ஒரு வாடிக்கையாளரின் கோட்டுக்குள் வைத்துத் தைத்தும் கொடுத்துவிட்டேன். அன்று மழை. லைனிங் நனைந்து ஊதி, மனிதர் பலூனாக மாடிகளுக்கு மேலே போய்விட்டார். மிச்சத்தை உன் அத்தை வாயில் போட்டுப் பார்த்து, "இது கடற்பாசிங்க. நீங்க தின்ன அனுப்பியிருக்கா" என்றாள்.

என் கல்லீரலில் கொழுப்பு என்று உனக்கு யார் வத்தி வைத்தது? மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார் டாக்டர். எடுக்கலாம். கடையில் வேலை தலைக்கு மேல்.

இப்படிக்கு,
ஊசிக் காதில் யானையை நுழைத்த மாமா

பிப்ரவரி 19

அன்புள்ள மாமா,

பலூன்காரர் இறங்கிவிட்டாரா? வத்தி வைத்தது அத்தைதான். "ஸ்கேன்னு சொன்னாலே மெஷினைக் கடகடன்னு ஓட்ட ஆரம்பிச்சுடறார்" என்றாள்.

பாசியின் நார் வயிற்றில் கூழாகி, சீக்கிரம் பசியடக்கும். எங்கள் ஆய்வுக்கூடத்து எலிகளுக்குக் கல்லீரல் கொழுப்பு குறைகிறது. மனிதர்களுக்கும் குறையுமா என்று இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாது. அது மருந்தல்ல மாமா. அயோடின் வேறு அதிகம். டாக்டரைக் கேட்டுவிட்டு, சூப்பில் ஒரு துண்டு போதும். மாலையில் நடங்கள்.

எனக்குத் தைத்த வெள்ளைக் கோட்டில், "வளர்ற பொண்ணு" என்று உள்ளே துணி விட்டு வைத்தீர்களே, அது அப்படியே இருக்கிறது. உங்கள் பேன்ட்டில்தான் தொப்பைக்காகப் பிரித்துவிட இனித் துணியே இல்லையாம். ஸ்கேனுக்குப் போங்கள். பயமாக இருந்தால் சொல்லுங்கள், லீவு போட்டு வருகிறேன்.

உங்கள் மூக்கு

ஜூன் 2

எலிகளின் மகாராணிக்கு,

பயமா? எனக்கா? நான் போன அன்று ஆஸ்பத்திரியே எழுந்து நின்றது. வராந்தாவில் உன் அத்தைதான் நடுங்கிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தைரியமா இரு" என்றேன். என் கல்லீரல் அப்படி மின்னியதாம், டாக்டர் அதில் முகம் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டார்.

சரி, சரி. போனது நிஜம். "கொஞ்சம் குறைஞ்சிருக்கு. நடையை விட்டுடாதீங்க" என்றார். பாசியாலா, நடையாலா என்று கேட்டேன். "வாயைக் கட்டினதாலயும்" என்றார். பேன்ட்டை முதல் தடவையாகப் பிடித்துத் தைத்திருக்கிறேன்.

கையைப் பிடித்ததும் நிஜம்தான். யார் யாருடைய கையை என்பதை மட்டும் மாற்றி எழுதிவிட்டேன்.

மாமா