மூளிக் காது

மார்ச் 9, திங்கள்

காலையிலேயே வெயில். தைக்க வேண்டிய ஜாக்கெட் 6, முடித்தது 4. லைனிங் துணி தீர்ந்துவிட்டது.

இடது காது இன்று முழுதாகக் கிழிந்தது. பத்து வருடமாக ஓட்டை நீண்டுகொண்டே வந்தது. குனிந்து துணி வெட்டும்போது கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப் கம்மலில் மாட்டி இழுத்துவிட்டது. ரத்தம்கூடப் பெரிதாக இல்லை. வலது காதும் இன்றோ நாளையோ என்றுதான் தொங்குகிறது.

இவ்வளவு நாள் சின்னத் தோடு வாங்கி, பின்னால் பிளாஸ்டர் ஒட்டி, மேலே முடியை இழுத்துவிட்டுச் சமாளித்தாயிற்று. போதும். டாக்டரிடம் போய்த் தைத்துவிடப் போகிறேன்.

அவர் எலக்ட்ரிக் கடையை அடைத்துவிட்டுச் சாப்பிட வந்தபோது சொன்னேன். "ஒனக்குச் சுகர் இருக்கு. புண்ணு ஆறணும்லா" என்றார். பயம் நியாயம்தான். மூன்று வருடம் முன்பு கால் பெருவிரலில் செருப்புக் கடி. நாலு மாதம் ஆறவில்லை. விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை நாங்கள் இருவரும் மறக்கவில்லை.

மார்ச் 14, சனி

திருநெல்வேலி. பிளாஸ்டிக் சர்ஜன் ஒரு பெண், முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது. மரத்துப்போக ஊசி போட்டு முக்கால் மணி நேர வேலைதான் என்றார். சுகர் ஃபைலை நீட்டினேன். வெறும் வயிற்றில் 110, 115, 118. எனக்கே பெருமையான ஃபைல். அதை மூடி வைத்துவிட்டு மூன்று மாதச் சராசரிக்கு ஒரு டெஸ்ட் எழுதினார். வந்தது 10.2.

இங்கே யார் பார்க்கப் போகிறார்கள், எழுதிவிடுகிறேன். வழக்கமான ஒவ்வொரு டெஸ்டுக்கும் முந்தின இரண்டு நாள் வெந்தயத் தண்ணீர், கோதுமை ரவை, ராத்திரி பட்டினி. ரத்தம் கொடுத்த கையோடு ஓட்டலில் பூரி. பன்னிரண்டு வருடமாக இதே கூத்து. எங்கள் தெருவில் சுகர்க்காரர்கள் எல்லோரும் இப்படித்தான், என்னமோ பரீட்சைக்குப் படிப்பது மாதிரி.

டாக்டர் சிரித்துவிட்டார். "எங்களை ஏமாத்திரலாம்மா. தையலை ஏமாத்த முடியாது. எட்டுக்குக் கீழ கொண்டுவாங்க, அன்னைக்கே தேதி தாரேன்."

திரும்பும் பஸ்ஸில் தேவர்குளம் தாண்டும்வரை அவமானம். அப்புறம் கோபம். என் மேல்தான்.

மார்ச் 16, திங்கள்

ரத வீதி நாலு சுற்று, காலை 5.45.
டீயில் சீனி கிடையாது.
சோறு இரண்டு கரண்டி. காய் நிறைய.
மணிக்கு ஒரு தடவை மிஷினை விட்டு எழுந்திருக்க.
இந்த நோட்டில் பொய் எழுதக்கூடாது.

மதினி வந்தார். இவருடைய அக்கா, பக்கத்துத் தெரு. வாசலிலிருந்தே, "ஏட்டி சரசு, சுகரை வச்சிக்கிட்டு காதைத் தைக்கப் போறியாமே. இந்த வயசுல யாருக்குக் காட்ட?"

"எனக்குத்தான் மதினி."

"எந்த விசேஷத்துக்கு?"

"விசேஷம் ஒண்ணும் இல்ல."

அதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. ஒரு கல்யாணம், காதுகுத்து என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார். கண்ணாடியில் பார்த்தால் நன்றாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நாற்பத்தாறு வயதில் இருக்கக்கூடாதா. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷப் பிறப்பு. மூன்று வீட்டுப் பாயசம். தொடவில்லை. மூன்றையும் அவரே குடித்தார்.

29 நாளில் 26 நாள் நடை. எடை 2 கிலோ குறைவு. என் ஜாக்கெட்டையே இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன். இந்த வேலைக்குக் கூலி கேட்கத் தோன்றவில்லை.

மே 5, செவ்வாய்

வீராப்பு கூடிவிட்டது. காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டேன். 11 மணிக்கு வியர்வை, கை நடுக்கம். பட்டுத் துணியில் கழுத்தை ஓர் இஞ்ச் அதிகமாக வெட்டியாயிற்று. நல்லவேளை, அவர் பிளையர் எடுக்க வீட்டுக்கு வந்தார். கடலைமிட்டாயை என் வாயில் திணித்தார். "டெஸ்டுக்குப் பட்டினி கெடந்தது போதாதா? தின்னுட்டி. அளவாத் தின்னு." பிளையரை மறந்துவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இவருக்கு இவ்வளவு பயம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

துணி கொடுத்த பெண்ணிடம் உண்மையைச் சொன்னேன். "கழுத்துல எம்பிராய்டரி போட்டுருங்க அக்கா" என்றாள். தங்கமான பெண்.

ஜூன் 10, புதன்

7.4.

நேற்று ராத்திரி வேண்டுமென்றே இரண்டு தோசை தின்றுவிட்டுத்தான் போனேன். பட்டினி இல்லை, வெந்தயம் இல்லை. மதியத்துக்குள் ரிப்போர்ட்டை நாலு தடவை எடுத்துப் பார்த்தேன். பிளஸ் டூ மார்க்குக்குக்கூட நான் இப்படிக் கர்வப்பட்டதில்லை.

ஜூன் 13, சனி

தைத்தாயிற்று. இரண்டு காதும். கத்தரி வைக்கிற சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது, வலி இல்லை. டாக்டர் தைப்பதைக் கண்ணை உருட்டிப் பார்க்கப் போய்த் திட்டு வாங்கினேன். தொழில் புத்தி.

இரண்டு மாதம் காதில் எதுவும் கூடாது. ஒட்டக்கூடாது, குச்சி சொருகக்கூடாது.

சாயங்காலம் மதினி. காதில் போட்ட கட்டைப் பார்த்து முகம் சுருங்கியது. "கட்டுனவன் நல்லா இருக்கும்போது மூளிக் காதோட திரிவியா?" கம்மல் இல்லாத காது புருஷன் போனவளுக்குத்தான் என்று ஒரு நினைப்பு. வருகிற 26 அவர் மகள் செல்விக்கு வளைகாப்பு. எங்கள் வழக்கப்படி முதல் வளையல் தாய்மாமன் வீடு போட வேண்டும். தாய்மாமன் இவர். போட வேண்டியது நான்.

ஜூன் 22, திங்கள்

தையல் பிரித்தார்கள். ஒட்டிவிட்டது, சுத்தமாக. டாக்டர் பயிற்சிப் பெண்கள் இருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். "பன்னெண்டு வருஷ சுகர். பாருங்க, எப்படி ஆறியிருக்கு." நான் கழுத்தை நிமிர்த்தி இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டினேன். பெருவிரல் ஞாபகம் வந்தது. அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் மதினி கொடுத்தனுப்பிய பொட்டுத் தோடு, கூடவே பிளாஸ்டர். "ஒரு மணி நேரம் ஒட்டிக்கிட்டா போதுமாம்" என்றார் அவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "ஒன் காது. நீ சொல்லு."

ஜூன் 25, வியாழன்

தோடு மேஜையில் கிடக்கிறது. ஒரு தடவை கையில் எடுத்தேன். ஒரு மணி நேரம்தானே. செல்வி எனக்கும் மகள் மாதிரி. அவளுக்கு ஒரு குறை வந்தால் என் காதைத்தான் சொல்வார்கள்.

தைத்த இடம் இன்னும் இளசு. பிளாஸ்டரை உரிக்கும்போது பிய்ந்தால் மூன்று மாதமும் வீண். வைத்துவிட்டேன்.

ஜூன் 26, வெள்ளி

முடியை இழுத்துக் காதை மூடிக்கொண்டு போகலாம். போகவில்லை. கொண்டை போட்டேன், சுற்றி மல்லிகை. இரண்டு காதும் வெளியே.

கூடத்தில் யாரோ, "சரசு காதைப் பாத்தியா." மதினி என்னை ஓரமாக இழுத்து, "மொத வளையலை வேற ஆளு போடட்டும், நீ பொறவு போடு" என்றார். பொல்லாப்பு இல்லை, கண்ணில் பயம்தான். மகள் பிள்ளைத்தாய்ச்சி. இவர் தாம்பாளத்தோடு நின்றுகொண்டு என்னையே பார்த்தார்.

அப்போது செல்வி, மனையில் உட்கார்ந்தபடி, சத்தமாக: "அத்தை, வாங்க. எவ்ளோ நேரம் கையை நீட்டிட்டு இருக்க? இடுப்பு வலிக்கி."

போனேன். சந்தனம் தடவினேன். இரண்டு கைக்கும் ஏழேழு, கண்ணாடி வளையல். ஒன்றுகூட உடையவில்லை.