ஒரே தொட்டியில் இரண்டு பெயர்ப்பலகைகள்

அம்மா,

இன்று பின்னேரம் அப்பாவும் நானும் உங்கள் அலுமாரியைச் சுவரிலிருந்து இழுத்தோம். பின்பக்கம் கறையான் ஏறியிருந்தது. அப்போது ஒரு தகரப் பலகை சரிந்து என் காலில் விழுந்தது. இந்தக் குடிநீர்த் தொட்டி இன்ன நாட்டு மக்களின் அன்பளிப்பு என்று நீல எழுத்தில் இருந்தது. மூலைத் துளை ஒன்றில் கட்டுக்கம்பி இன்னும் தொங்கியது. அப்பா பலகையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். அது அங்கே இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அப்பா பக்கத்து அறையில் படுத்திருக்கிறார். போர்வைக்குள் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். நீங்கள் போய் நான்கு மாதம். இதை வேறு யாரிடம் சொல்ல?

அந்தப் பலகையை எனக்குத் தெரியும். நான் ஆண்டு ஆறில் படித்தபோது ஒரு சனிக்கிழமை, வீட்டில் ஆளில்லை என்று என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி முருங்கனுக்கு அப்பால் ஒரு கிராமத்துக்குக் கூட்டிப்போனீர்கள். அங்கே தொட்டியில் வேறொரு நாட்டின் பெயரோடு பச்சைப் பலகை தொங்கியது. நீங்கள் குறட்டால் கம்பியை வெட்டி அதை இறக்கினீர்கள். "நேராப் பிடி பிள்ளை" என்றீர்கள். நான் நீலப் பலகையைப் பிடித்தேன். தண்ணீருக்கு வந்த ஒரு அக்கா குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்று பார்த்தார்.

"என்ன மிஸ், போன கிழமை வேற பேர் கிடந்தது. தொட்டிக்குத் திருப்பியும் ஞானஸ்நானம் குடுக்கிறியளோ?"

"பேர் மாறினாலும் தண்ணி அதே தண்ணிதான் அக்கா."

"வெள்ளைக்காரர் கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?"

"ஒண்டும் சொல்லாதேங்கோ. சிரியுங்கோ, அதுவே காணும்."

அந்த அக்கா குடம் தளும்பச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு வாகனங்கள் வந்தன, மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். அவர்கள் போனதும் பச்சைப் பலகை திரும்பவும் ஏறியது. நீலப் பலகை என் மடியில் வீட்டுக்கு வந்தது. ஏன் என்று கேட்டேன். "அது பழசு, துருப்பிடிச்சுப் போச்சு" என்றீர்கள். அதில் பெயின்ற் மணம்கூட மாறியிருக்கவில்லை. ஆனாலும் நீங்கள் சொன்னால் நான் நம்புவேன்.

உங்கள் வேலை என்னவென்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் எனக்குப் பெருமையாக இருக்கும். எந்த நாடு, எந்தக் கிராமத்துக்கு, என்ன கொடுக்கிறது என்று ஒரு நீளத் தாளில் நீங்கள்தான் எழுதி வைப்பீர்கள். ஒரே இடத்துக்கு இரண்டு பேர் கொடுக்கக் கூடாது, ஒரு இடமும் விடுபடக் கூடாது. "என்ர தாளுக்குத் தெரியாமல் இஞ்ச ஒரு வெளிநாட்டுச் சதமும் இறங்காது" என்று கதிரையில் சாய்ந்து சொல்வீர்கள்.

பலகையின் பின்னால் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கடிதம் ஒட்டியிருந்தது அம்மா. உங்கள் கையெழுத்து. உங்கள் அலுவலகப் பெரியவருக்கு எழுதி, கொடுக்காமல் விட்டது.

மூன்று தரம் வாசித்தேன். போருக்குப் பிறகு அந்தக் கிராமத்துச் சனம் இருந்த முகாமிலும் பதிந்திருந்தது, திரும்பி வந்த ஊரிலும் பதிந்திருந்தது. எங்கே இருக்க விடுவார்களோ தெரியாது என்று இரண்டு பதிவையும் வெட்டாமல் வைத்திருந்தார்கள். நீங்கள் அதை இரண்டு ஊர்ச் சனமாக எடுத்துத் தாளில் ஏற்றிவிட்டீர்கள். இரண்டு நாடுகள் ஆளுக்கொரு தொட்டிக்குக் காசு அனுப்பின. பிழை தெரிந்தபோது முதல் தொட்டி கட்டி முடிந்திருந்தது, இரண்டாவது காசும் வந்திருந்தது. திருப்பி அனுப்பினால் அடுத்த வருடம் ஒன்றும் தரமாட்டார்கள் என்று பயந்தீர்கள். தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து வந்து, காணிப் பத்திரம் இல்லாததால் எந்தப் பட்டியலிலும் ஏறாத குடும்பங்கள் உவர்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. அந்தக் காசில், தொட்டி கட்டிய கொந்தராத்துக்காரரைக் கொண்டே அவர்களுக்குக் கிணறு வெட்டினீர்கள். அங்கே பலகை இல்லை. இரண்டாவது காசு தந்தவர்கள் தங்கள் தொட்டியைப் பார்க்க வந்தபோது, முதலாவது தொட்டியைத்தான் காட்டினீர்கள்.

இதுவரை வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது, ஆனால் உங்களில் கோபம் வரவில்லை. ஒரு சதம்கூட நீங்கள் எடுக்கவில்லை. கடைசி வரிதான் என்னை இடித்தது. "பௌசியாவுக்கு இதில் எதுவும் தெரியாது. என் சொல்லை நம்பி, இரண்டாவது தொட்டிக்குக் காசு கொடுத்த வவுச்சரில் கையெழுத்து வைத்தவர்." கீழே திகதி இருந்தது. போன நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள்.

பெருநாள் அன்று பௌசியா அன்ரி எருக்கலம்பிட்டியிலிருந்து வட்டிலாப்பம் கொண்டு வந்தது எனக்கு நல்ல நினைவு. உங்களோடு பன்னிரண்டு வருடம் பக்கத்து மேசையில் இருந்தவர். எங்கள் குசினி அடுப்பருகில் நின்று அழுதார்.

"வவுச்சர்ல என்ட கையெழுத்துத்தான் இருக்கு அக்கா. கணக்குப் பாக்க வந்தவங்க ரெண்டாவது தொட்டி எங்கெண்டு கேக்குறாங்க. இல்லாத தொட்டிய நான் எங்க போய்க் காட்ட?"

"பயப்படாதையும், எல்லாம் சரிவரும்" என்றீர்கள். இன்னொரு துண்டு வட்டிலாப்பம் வெட்டிச் சாப்பிட்டீர்கள். கடிதம் அப்போது அடுத்த அறையில் அலுமாரிக்குப் பின்னால் இருந்தது. அம்மா, எப்படிச் சாப்பிட்டீர்கள்?

பிறகு உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. கொடுக்கத்தான் இருந்தீர்களோ, கொடுக்காமலே விட்டிருப்பீர்களோ, எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் வராது. போன கிழமை அன்ரியை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார்கள். கள்ளி என்று பஸ்ஸில் யாரோ சொன்னதை நானே கேட்டேன்.

"அப்பா, இதைக் குடுக்க வேணும்" என்றேன்.

"சும்மா கிட. செத்த ஆளை ஒருத்தனும் மறியலில அடைக்கமாட்டான். ஆனா அவவின்ர பேரில வாற பென்சனை நிப்பாட்டுவாங்கள். நீ என்னத்தில படிப்பாய்?"

"அப்ப பௌசியா அன்ரி?"

"அவவுக்கு அண்ணன்மார் இருக்கினம். எங்களுக்கு ஆர் இருக்கினம், சொல்லு பாப்பம்?" பிறகு குரல் இறங்கியது. "கொம்மான்ர பேரை நாறடிக்காத பிள்ளை. காலமை கடலுக்குப் போகேக்க பலகையோட கொண்டுபோய்த் தாழ்த்திவிடுறன்."

அப்பா கெட்டவர் இல்லை. உங்கள் பெட்டியை வைத்திருந்த இடத்தில் இன்னும் மெழுகுதிரி கொளுத்துகிறவர்.

அவர் குளிக்கப் போன நேரத்தில் உறையைத் திறந்து கடிதத்தை எடுத்தேன். அதற்குள் என் பழைய கணக்குப் பரீட்சைத் தாளை மடித்து வைத்து ஒட்டிவிட்டேன். கடிதம் இப்போது என் விஞ்ஞானக் கொப்பிக்குள் இருக்கிறது. காலையில் அப்பா பலகையைக் கொண்டு போவார். நான் பள்ளிக்கூட பஸ்ஸை விட்டுவிட்டு எருக்கலம்பிட்டி பஸ்ஸில் ஏறுவேன். அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன செய்வார் என்று தெரியாது. பென்சன் நின்றால் என்ன செய்வோம் என்றும் தெரியாது.

நீங்கள் கூட்டம் கூட்டினால் வந்தவர்களுக்கு என்ன தேவை என்று முதலில் கேட்க மாட்டீர்கள். "வராத ஆக்கள் ஆர்?" என்றுதான் கேட்பீர்கள். உவர்த் தண்ணீர் குடித்த குடும்பங்களை அப்படித்தான் கண்டுபிடித்தீர்கள். அந்தக் கேள்வியை நான் வைத்திருக்கிறேன். உங்கள் மற்றக் குணத்தை வைத்திருக்க என்னால் முடியாது.

பௌசியா அன்ரி கதவைத் திறந்ததும் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். "அம்மா தரச்சொன்னவா" என்று தொடங்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உங்களைக் கொஞ்சம் காப்பாற்றலாம். அன்ரியும் உங்களை மன்னிக்கலாம்.

ஆனால் நீங்கள் தரச்சொல்லவில்லை அம்மா.

"அம்மா ஒளிச்சு வைச்சிருந்தவா அன்ரி. நான் கொண்டு வந்தனான்" என்று சொல்லுவேன்.